பள்ளிக்குப் போகாத பேத்தியும் கொடியிடை நாயகி சந்நிதியும்

வேலை நாளில், காலை பத்து மணிக்கு, எட்டு வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் திருக்கோயிலுக்குள் நுழைந்தால் என்ன கேள்வி எழும் என்பதை அன்பர்கள் எளிதில் ஊகிக்கலாம். கொடிமரத்தருகே அமர்ந்திருக்கும் மூதாட்டி கேட்பார், பூக்காரம்மா கேட்பார், திருநீறு தரும் குருக்களும் ஒரு நாள் கேட்டுவிட்டார். "குழந்தைக்கு இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?"

முதல் சில மாதங்கள் நான் பொய் சொன்னேன். சந்நிதியில் நின்றுகொண்டு, "லேசாகக் காய்ச்சல்" என்றேன். இன்னொரு நாள் "விடுமுறை" என்றேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியனாகக் கரும்பலகை முன் நின்றவன், தன் பேத்தி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டில் படிக்கிறாள் என்று எப்படி வாய்திறந்து சொல்வான்? முடிவெடுத்தவர்கள் மகனும் மருமகளும். என்னைக் கேட்டார்கள், நான் கூடாது என்றேன், அவர்கள் என் சொல்லை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, தங்கள் முடிவின்படியே செய்தார்கள். குழந்தை ஒவ்வொரு நாளும் காலையில் வாந்தியெடுத்து, இரவில் தூக்கத்தில் அழுததை அருகிருந்து பார்த்தவர்கள் அவர்கள். பள்ளி எது, பிழை யாருடையது என்பது இக்கட்டுரைக்கு வேண்டாத செய்தி. எல்லாக் குழந்தைக்கும் எல்லா இடமும் பொருந்திவிடுவதில்லை.

இப்போது இதைப் போன்ற செய்தி பல வீடுகளில் காதில் விழுகிறது. பாட்டி, தாத்தா என்ற முறையில் நம் நெஞ்சில் எழும் அச்சங்கள் மூன்று. சட்டம் என்ன சொல்லும்? நாளைக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? இவை இரண்டையும்விடப் பெரியது, குழந்தை தனிமைப்பட்டுப் போகாதா என்பது. நானும் இவற்றோடுதான் மல்லாடினேன்.

தனிமைதான் என் உறக்கத்தைக் கெடுத்தது. மாலை நான்கு மணிக்குப் பள்ளி வேன் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். குழந்தைகள் பொதிமூட்டைகளோடு இறங்கி, கத்திக்கொண்டே வீடுகளுக்குள் ஓடுவார்கள். பேத்தி வாசற்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருவரும் இவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டுமென்று செய்வதும் இல்லை. ஒரே வகுப்பறையில் இருந்தவர்களுக்குப் பேச ஆயிரம் இருக்கும். இவளோடு பேச என்ன இருக்கிறது?

பட்டணத்து வீடுகளில் படித்தவர்கள்

வீட்டில் படிப்பது இன்று முளைத்த மேல்நாட்டு நாகரிகம் என்றே நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்தது ஒரு பழைய கணக்கு. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மாவட்ட ஆட்சியர்களுக்கெல்லாம் ஓர் ஆணை அனுப்பினார். ஊர்தோறும் எத்தனை பள்ளிகள் உள்ளன, யார் யார் படிக்கிறார்கள் என்று எண்ணித் தரவேண்டும் என்பது ஆணை. எல்லாம் வந்து சேர்ந்து 1826-இல் தொகுக்கப்பட்டபோது, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரிந்தது. பிற்காலத்தில் அறிஞர் தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடியெடுத்து 1983-இல் நூலாக்கியதால் அவை நம் பார்வைக்கு வந்தன.

அந்த அறிக்கையில் ஒரு வியப்பான செய்தி உண்டு. சென்னைப் பட்டணத்து ஆட்சியர் மட்டும், வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளையும் எண்ணிச் சேர்த்திருந்தார். அத்தொகை 26,000-க்கும் மேல். பட்டணத்துப் பள்ளிகளில் படித்தவர்களைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். இவ்வளவு பெரிய எண்ணை மன்றோவாலேயே முழுதும் நம்ப முடியவில்லை; பிழை இருக்கலாம் என்று குறித்துவைத்தார். ஆயினும், தகப்பனும் பாட்டனும் உறவினரும் வீட்டுக்கு வரும் ஆசானும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அன்று பரவலான வழக்கம் என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார். அக்காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பட்டியல்களில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. திண்ணைகளும் எல்லாருக்கும் இடம் தந்தவை அல்ல. அன்று வீட்டுக்கல்விக்குக் கணக்கில் வராத என் பேத்தி போன்றவள் இன்று அதைப் பெறுகிறாள் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

பட்டணத்து வழக்கம் கடல் கடந்தும் போயிருக்கிறது. எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் பொறுப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம்மூர்த் திண்ணைப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லித்தரும் முறையைத் தம் இல்லத்தில் நடத்திப் பார்த்து, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போன கதை இது!

ஊர் கூடிப் படிக்கவைத்த ஒருவர்

வீட்டுக்கல்வி என்றதும் நான்கு சுவருக்குள் தாயும் பிள்ளையும் என்றே தோன்றுகிறது. அது பிழை என்பதற்குத் தமிழுலகம் அறிந்த சான்று மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர். 1855-இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த அவர், திண்ணைப் பள்ளியில் தொடங்கினாலும், தேர்ந்த தமிழ்க் கல்வியைப் பெற்றது முறையான பள்ளி எதிலும் அன்று. தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். இராமாயணக் கீர்த்தனங்களைப் பாடிக் கதை சொல்லி வாழ்ந்தவர். மகனுக்குத் தமிழ் சொல்லித்தர வல்லவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டறிந்து, குடும்பத்தையே அங்கே பெயர்த்துக்கொண்டு போனார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஊரும் ஆசானும் மாறிக்கொண்டே வந்தார்கள். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோதுதான் அந்த அலைச்சல் நின்றது.

அந்தச் சரிதத்தை இளவயதில் படித்தபோது ஆசான்களின் பெயர்களே மனத்தில் நின்றன. பேத்தியின் பொருட்டு மறுபடி எடுத்துப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தந்த ஊர்களில் குடியிருக்க வீடு கொடுத்தவர்கள், நெல் அளந்தவர்கள், தந்தையாரின் கதைக்கு ஏற்பாடு செய்து சம்பாவனை தந்தவர்கள் யார்? வெவ்வேறு குலத்தார், வெவ்வேறு சமயத்தார். ஒரு பிராமணச் சிறுவனுக்கு வைணவரும் பிள்ளையும் ரெட்டியாரும் ஆசான்கள். ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க அத்தனை வீடுகள் தோள் கொடுத்திருக்கின்றன.

நம் தலத்தைப் பாடிய சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறும் அப்படித்தானே? திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிள்ளையாகப் பிறந்து, தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையைக் கண்டு மனம் பறிகொடுத்த நரசிங்க முனையரையர், பெற்றோரிடம் வேண்டிப் பெற்றுத் தம் அரண்மனையில் வளர்த்தார். குலத்துக்குரிய கல்வி பிறந்த குடியின் முறைப்படியே நடந்தது. பேணியது அரசர் வீடு. இரு குடும்பங்கள் ஒரு குழந்தையை வளர்த்தன.

அவர் இத்தலத்துக்கு வந்த நிலையை நினைத்தால் நெஞ்சம் கசியும். சங்கிலியாருக்குத் தந்த உறுதியை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததால் இரு கண்ணொளியும் இழந்து, வழி தெரியாமல் வந்தவர் முல்லைவாயில் பெருமானை நோக்கித் துயர் களையுமாறு பாடினார். ஊன்றுகோல் இங்கே கிடைக்கவில்லை. அடுத்துச் சென்ற திருவெண்பாக்கத்தில் கிடைத்தது. சீர்காழிக்கு அருகில் சம்பந்தர் பாடிய தென்திருமுல்லைவாயில் ஒன்று இருப்பதால், நம் தலத்தை வடதிருமுல்லைவாயில் என்று பிரித்துச் சொல்வது மரபு.

சட்டமும் சான்றிதழும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அச்சட்டம் கூறுகிறது. தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் இக்குடும்பங்கள் நிற்கின்றன. அதே சட்டத்தில் நமக்கு ஆறுதலான பிரிவொன்று உண்டு. பள்ளியில் சேராத, அல்லது இடையில் நின்ற குழந்தை திரும்பி வந்தால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்கிறது அது. கதவு அடைபட்டுவிடவில்லை என்று இதைப் படித்தபோது நான் பெருமூச்சு விட்டேன்.

சான்றிதழுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 1989-இல் மைய அரசு தொடங்கியது. 14 வயது நிறைந்தவர்கள் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை. ஒரே மூச்சில் எல்லாப் பாடமும் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை, ஐந்தாண்டுகளுக்குள் முடித்தால் போதும். ஆனால் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு எந்தச் சான்றிதழைக் கேட்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. பதினேழு வயதில் விசாரிக்கத் தொடங்கினால் காலம் கடந்திருக்கும்.

மும்பையில் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பெண், உலகக் கணினி ஒலிம்பியாடில் பதக்கங்கள் வென்று, 2016-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் பெற்ற செய்தியை நாளேடுகள் கொண்டாடின. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாத அவரை இடையில் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்தியது நம் சென்னை, சிறுசேரியில் உள்ள கணிதவியல் கழகம். மருமகள் இச்செய்தியை எனக்குக் காட்டினாள். பெருமையாகத்தான் இருந்தது. ஆயினும், இவ்வகைக் கதைகளைக் குழந்தையின் காதில் போடாதே என்று கேட்டுக்கொண்டேன். பள்ளியின் அழுத்தத்திலிருந்து மீண்டவளுக்கு ஒலிம்பியாடின் அழுத்தம் எதற்கு? இதில் மட்டும் மருமகள் என் பேச்சைக் கேட்டாள்.

மண்டபத்தில் கிடைத்த உறவு

பொய் சொல்வதை நான் நிறுத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, கொடியிடை நாயகி சந்நிதிக்கு எதிரில் ஓர் அம்மையார் இரண்டு பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். பெரியவனுக்குப் பதினொன்று இருக்கும். தரையில் கரிக்கோடு கிழிக்காமல், வாழைநார்த் துண்டுகளை வைத்துத் தங்கைக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். காலை பத்தேகால் மணி. "பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையா, அம்மா?" என்று வழக்கமாக என்னிடம் வரும் கேள்வியை நானே கேட்டுவிட்டேன். அவர் என் பேத்தியைப் பார்த்தார். "உங்களுக்கு இல்லாத பள்ளிதான் ஐயா எங்களுக்கும் இல்லை" என்றார்.

அம்பத்தூர்ப் பக்கம் அவர்கள் வீடு. அவர்கள் வழியாக ஆவடியில் ஒரு குடும்பம், பூந்தமல்லியிலிருந்து இன்னொன்று. இவ்வாறு வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நாடு முழுவதும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொள்கிறார்கள் என்பதும், 'சுவசிக்‌ஷண்' என்ற பெயரில் அவர்களுக்கொரு சங்கம் இருப்பதும் பிறகு தெரிந்தது. எங்களுக்கு அவ்வளவு பெரிய வட்டம் தேவைப்படவில்லை. வியாழக்கிழமைகளில் நான்கு வீட்டுப் பிள்ளைகளும் கூடுவது என்று ஏற்பாடாயிற்று. ஒரு வாரம் எழும்பூர் அருங்காட்சியகம்; மின்ரயிலில் சென்ட்ரல் வரை போய் அங்கிருந்து நடை. ஒரு வாரம் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம். மற்ற வாரங்களில் கோயில். உழவாரப்பணி நடக்கும் நாட்களில் அதுவே பாடம். செருப்பை வரிசைப்படுத்துவதில் தொடங்கி, பிரகாரத்துப் புல்லைக் களைவதுவரை பிள்ளைகள் பெரியவர்களோடு சேர்ந்து செய்கிறார்கள்.

எல்லாம் இனிதாகவே நடந்தது என்று எழுத மனம் ஒப்பவில்லை. முதல் மாதம் பேத்தி யாரோடும் பேசவில்லை. என் வேட்டி நுனியை விடவில்லை. ஆவடிக் குடும்பத்துச் சிறுவன் ஓராண்டுக்குப் பின் பள்ளிக்கே திரும்பினான். அவன் விருப்பம் அது, இப்போது நன்றாகப் படிக்கிறான். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் இதெல்லாம் நடவாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் மருமகள் தன் வேலையை விட்டாள். அதன் பாரத்தை மகன் ஒருவன் வருமானத்தில் இன்றும் சுமக்கிறோம்.

என் பங்கு கணக்கு. பாடநூலைத் திறந்ததும் பேத்தியின் முகம் சுருங்குவதைக் கண்டு, வீட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். அன்பர்கள் அறிவார்கள்: தொண்டைமான் மன்னனின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, அவன் வாளால் கொடியை வெட்டியபோது உள்ளிருந்த சிவலிங்கத் திருமேனியில் வெட்டுப்பட்டுக் குருதி பெருகியது. அந்த வடு ஆற, பெருமான் ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பிலேயே இருக்கிறார். சித்திரை மாதச் சதய நாளில் மட்டும் காப்பு களையப்படும். "அந்த நாள் எப்போது வரும், தாத்தா?" என்று கேட்டாள். நீயே கண்டுபிடி என்று விட்டுவிட்டேன். அடுக்கில் கிடந்த பழைய பஞ்சாங்கங்களையெல்லாம் பரப்பிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தாள். நான்காம் நாள் வந்து, "எல்லா வருஷமும் தேய்பிறையிலேதான் வருகிறது. ஏன்?" என்றாள்.

அன்பர்களே, முப்பத்துநான்கு ஆண்டுகளில் எந்த மாணவனும் என்னை இப்படித் திகைக்க வைத்ததில்லை. இருவரும் உட்கார்ந்து பன்னிரண்டு இராசிகளைக் கோலமாவால் வட்டமாக வரைந்தோம். சித்திரையில் சூரியன் மேஷத்தில்; அதற்கு நேர் எதிரே துலாத்தில் சந்திரன் நிற்கும்போது பௌர்ணமி. சதயம் இருப்பதோ கும்பத்தில். சந்திரன் ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டேகால் நாள். துலாத்திலிருந்து கும்பம் நான்கு இராசி. ஆக முழுநிலவு கழிந்து ஒன்பது நாளளவில், நிலவு தேய்ந்த பின்னரே சதயம் வரும். வளர்பிறையில் வரவே இயலாது! ஆண்டுதோறும் சதயத்துக்குக் கோயிலுக்குப் போகிறேன். என் எழுபத்திரண்டு வயதுவரை எனக்கு இது தோன்றவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மற்றப் பிள்ளைகளுக்கு அவளே வட்டம் வரைந்து விளக்கினாள். அதுதான் அவள் வாய்திறந்து பேசிய முதல் நாள். வேட்டி நுனி என் கையில் இல்லையே என்று அப்போது உணர்ந்தேன், அவளிடமும் இல்லை.

நம் வயதினர் இதில் என்ன செய்யலாம் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில், கோயில்தான் நம் வலிமை. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848-இல் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, சமயத்தையும் எழுத்தையும் ஒரே கூரைக்குள் வைத்தார். இன்றும் இலங்கையில் ஞாயிறுதோறும் அறநெறிப் பாடசாலைகள் கோயில்களிலேயே நடக்கின்றன. நம்மூர்க் கோயில்களில் ஓதுவார் இருக்கிறார், மார்கழியில் திருப்பாவைப் போட்டி இருக்கிறது, நவராத்திரிக் கொலு இருக்கிறது. எட்டு வயதும் எண்பது வயதும் ஒரே பாயில் அமரும் இடம் வேறெங்கே கிடைக்கிறது? மேலூர்த் திருவுடை நாயகியைக் காலையிலும், திருவொற்றியூர் வடிவுடை நாயகியை உச்சிப் பொழுதிலும், நம் கொடியிடை நாயகியை மாலையிலும் ஒரே நாளில் தரிசிக்கும் பௌர்ணமி வெள்ளிக்கிழமையில், பேரப்பிள்ளைகளையும் அவர்களின் தோழர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அன்று எந்தப் பிள்ளை பள்ளியில் படிக்கிறது, எது வீட்டில் படிக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் ஆகாது.

பேத்திக்கு இப்போது பத்து வயது. கோயிலில் எவரேனும் பள்ளியைப் பற்றிக் கேட்டால், நான் வாய்திறக்குமுன் அவளே, "வீட்டில் படிக்கிறேன், பாட்டி" என்று சொல்லிவிட்டு நந்தியெம்பெருமானிடம் ஓடிவிடுகிறாள். இத்தலத்து நந்தி பெருமானைப் பாராமல் கிழக்கு நோக்கியிருப்பார். தொண்டைமானுக்குத் துணையாகக் குறும்பரோடு போர் செய்யப் புறப்பட்ட கோலம் அது. குறும்பரை வென்று கொண்டுவந்த எருக்கந்தூண்கள் இரண்டும் கருவறைக்கு முன் நிற்கின்றன. அந்தத் தூண்களின் உயரத்தை நிழலே இல்லாத இடத்தில் அளப்பது எப்படி என்பது இந்த வாரத்து வழக்கு.

சென்ற வாரம் மகன் அவளை உட்காரவைத்து, "வரும் ஜூனில் பள்ளிக்குப் போக ஆசையா, அம்மா? உன் விருப்பம்தான்" என்று கேட்டான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அவள் சிறிது யோசித்தாள்.

"சித்திரைச் சதயம் முடியட்டும் அப்பா, சொல்கிறேன்" என்றாள்.